தலைக்கு எவ்வளவு?

கம்யூனிட்டி காலேஜ் என்று சொன்னதும் நம்மாளுங்க மூஞ்சி போற போக்கைப் பார்த்திருக்கீங்களா? அமெரிக்காவில் பத்து வருஷம் குப்பை கொட்டினவர்கூட, "அது வேற எங்கயும் சீட் கிடைக்காதவங்க போற இடம்ங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். அதே ஆள் அடுத்த வாரம் பர்த்டே பார்ட்டியில், தன் மகள் ஹைஸ்கூல் படிக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ரெண்டு கணக்குப் பாடத்தை ஓசியில் முடித்துவிட்டாள் என்று பெருமையும் அடிப்பார் :-)

ஓசின்னு சொன்னேனே, அது நிஜத்தில் ஓசி கிடையாது. யாரோ ஒருத்தர் காசு கொடுக்கிறார். யார் கொடுப்பது, எந்தக் கணக்கிலிருந்து, யாருக்கு? இந்த மூணு கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காக்காரர்கள் 120 வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொட்டி தட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் இந்தக் கதையைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு சின்ன விளக்கம், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம். அங்கே 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளி இலவசம். பள்ளிகளை நடத்துவது 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்கிற உள்ளூர் அமைப்பு. சொத்து வரியும், மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநில அரசு தருகிற பணமும்தான் அதன் முக்கிய வருமானம். கம்யூனிட்டி காலேஜ் என்பது ரெண்டு வருஷப் படிப்பு. முடித்தால் அசோசியேட் டிகிரி. அதை வைத்துக்கொண்டு நாலு வருஷப் பல்கலைக்கழகத்தில் மூணாம் வருஷம் சேரலாம், இல்லை நேராக வேலைக்குப் போகலாம். அதுக்கும் மாநில அரசு பணம் தருகிறது, ஆனா வேற பெட்டியிலிருந்து. இந்த 'வேற பெட்டி' மேட்டரை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஆரம்பத்தில் ரெண்டு பெட்டி இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த விஷயம்.

1901. சிகாகோவுக்குத் தென்மேற்கே ஜோலியட் என்று ஒரு ஊர். எஃகு ஆலை, சுண்ணாம்புக்கல் குவாரி, ஒரு பெரிய ஜெயில், இதுதான் ஊரின் அடையாளம். அந்த ஊர் ஹைஸ்கூலின் சூப்பரிண்டெண்டெண்ட் ஜே. ஸ்டான்லி பிரவுன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர். ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமான கணக்கு. ஹார்ப்பருக்கு, பல்கலைக்கழகம்னா ஆராய்ச்சி நடக்கிற இடம். முதல் ரெண்டு வருஷப் பாடமெல்லாம் ஹைஸ்கூலின் நீட்சிதான், அதை வேற யாராவது சொல்லிக் கொடுத்து அனுப்பினா நல்லது. பிரவுனுக்கு, ஊரை விட்டுப் போக வசதியில்லாத பசங்களுக்கு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் காலேஜ் படிப்பு கிடைக்கணும். ஹைஸ்கூலுக்குள்ளேயே 6 மாணவர்களோடு வகுப்பு ஆரம்பிச்சாங்க. கிட்டத்தட்ட 13ஆம் வகுப்பு, 14ஆம் வகுப்பு மாதிரி. 1902 கடைசியில் பள்ளி நிர்வாகக் குழு அதுக்கு ஒப்புதல் கொடுத்து, கட்டணமும் கிடையாது என்று அறிவித்தது.

அமெரிக்காவில் இன்றும் இயங்கும் அரசு ஜூனியர் காலேஜ்களிலேயே பழையது இதுதான். ஜோலியட் ஜூனியர் காலேஜ் என்கிற பெயரே 1916ல்தான் வந்தது. தனிக் கல்லூரி மாவட்டமாகப் பிரிந்தது 1967ல். அதாவது அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஹைஸ்கூலும் காலேஜும் ஒரே குடித்தனம். ஹைஸ்கூலுக்குப் பணம் வந்த வழியிலேயே காலேஜுக்கும் வந்தது. 'பார்ட்னர்ஷிப்', 'ஒப்பந்தம்', 'ஒருங்கிணைப்பாளர்' எதுவும் தேவைப்படல.

(எங்க பெரியப்பா பியூசி படிச்சது காலேஜில். 1978ல் அதை ப்ளஸ் டூ ஆக்கி நம்ம ஊர் அரசு பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் நடந்தது இதுக்கு நேர் தலைகீழ். பள்ளிக்குள்ளே இருந்த ரெண்டு வருஷம் வெளியே போய்க் காலேஜ் ஆனது.)

கலிபோர்னியாக் கதை இன்னும் தெளிவு. 1907ல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஹைஸ்கூல்கள் விரும்பினால் 12ஆம் வகுப்புக்கு மேலும் பாடம் நடத்தலாம். அனுமதி மட்டும்தான், துட்டு கிடையாது. மூணு வருஷம் ஒருத்தரும் தொடவில்லை. 1910ல் ஃப்ரெஸ்னோ மட்டும் துணிந்து ஆரம்பித்தது. 1917ல் இன்னொரு சட்டம் வந்து, ஜூனியர் காலேஜ் மாணவருக்கும் ஹைஸ்கூல் மாணவருக்குத் தருகிற மாதிரியே மாநில, கவுண்டி அரசுகள் பணம் தரும் என்றது. 1921ல் மூணாவது சட்டம்: காலேஜுக்கென்று தனி மாவட்டமே அமைத்துக்கொள்ளலாம். முதல் சட்டம் கதவைக் காட்டியது, ரெண்டாவது திறந்தது, மூணாவது நடுவில் சுவர் எழுப்ப வழி செய்தது. இது என்னோட வாசிப்பு, வரலாற்றுப் பேராசிரியர்கள் கோவிச்சுக்கக் கூடாது.

சுவரே வேண்டாம்னு சொன்ன ஊரும் இருந்தது. 1928ல் பசடேனா 6-4-4 என்று ஒரு முறை கொண்டுவந்தது. 6 வருஷம் தொடக்கப்பள்ளி, அடுத்த 4 வருஷம் நடுவுல, கடைசி 4 வருஷம் (11 முதல் 14ஆம் வகுப்பு வரை) ஒரே ஜூனியர் காலேஜ். பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் 1937லிருந்து 1939 வரை படித்தது இங்கேதான். 1950களின் நடுவில் இந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.

மத்திய அரசும் சுவருக்குத் தன் பங்குக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தது. தொழிற்கல்விக்கு முதல்முதலாகப் பெரிய அளவில் பணம் ஒதுக்கிய 1917 ஸ்மித்-ஹ்யூஸ் சட்டம், அந்தப் பணம் காலேஜ் தரத்துக்குக் கீழே உள்ள படிப்புக்கு மட்டும்தான் என்று எழுதி வைத்துவிட்டது. 1963ல் வேற சட்டம் வந்துதான் அது தளர்ந்தது. பிற்காலத்தில் வந்த பெல் கிராண்ட் (ஏழை மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை) அப்படியே எதிர்ப்பக்கம். ஹைஸ்கூலில் பெயர் இருந்தால் தர மாட்டோம் என்கிறது. ஒரு கவுண்டர்ல "நீ காலேஜ், போ". இன்னொரு கவுண்டர்ல "நீ ஸ்கூல், போ". நம்ம தாலுகா ஆபீஸ் தோத்தது.

போருக்கு அப்புறம் ஊருக்கு ஊர் காலேஜ்கள் முளைத்தன. 1947ல் ட்ரூமன் அமைத்த குழு 'கம்யூனிட்டி காலேஜ்' என்கிற பெயரைப் பிரபலமாக்கியது. 1960களில் மாநிலம் மாநிலமாகத் தனிச் சட்டம், தனி வாரியம், தனிக் கட்டடம். சுவர் முழுசா எழும்பிடுச்சு.

சுவர் எழும்பின பிறகுதான் அதில் ஓட்டை போடுகிற வரலாறு ஆரம்பிக்குது.

1974ல் நியூயார்க் குயின்ஸில் லகார்டியா கம்யூனிட்டி காலேஜ் வளாகத்துக்குள்ளேயே ஒரு ஹைஸ்கூல் திறந்தார்கள். மிடில் காலேஜ் ஹைஸ்கூல் என்று பெயர். யோசனை ஜேனட் லீபர்மன் என்கிற பேராசிரியையுடையது. இங்கே சேர்த்துக்கொண்டது முதல் ராங்க் பசங்களை இல்லை. படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பள்ளிகள் கணித்த பசங்களை. காலேஜ் லைப்ரரி, காலேஜ் ஜிம், சுத்தியும் காலேஜ் பிள்ளைகள். தினமும் அங்கேயே புழங்கினால் 'இது நமக்கான இடம் இல்லை' என்கிற பயம் போகும் என்பது அந்த அம்மாவோட கணக்கு. என்னைக் கேட்டால் இந்த முழு வரலாற்றிலும் உருப்படியான யோசனை இதுதான். ஆனா இது ஒரு பள்ளி. ஒரு மாநிலம் பூரா செய்யணும்னா பணம் எப்படிப் போகும்?

அதுக்கு முதல் பதில் 1985ல் மினசோட்டாவிலிருந்து வந்தது. ஆளுநர் ரூடி பெர்பிச், தொழிலில் பல் டாக்டர். பிள்ளைகள் எந்த மாவட்டப் பள்ளியில் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தார். அது அந்த வருஷம் தேறவில்லை. கூடவே வந்த ஒரு சின்னப் பகுதி மட்டும் பிழைத்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர் சட்டசபையில் அப்போது பெரும்பான்மையாக இருந்த எதிர்க்கட்சியின் அவை முன்னவர் கானி லெவி. விஷயம் இதுதான்: 11, 12ஆம் வகுப்பு மாணவர் காலேஜில் பாடம் எடுக்கலாம். கட்டணமும் புத்தகச் செலவும் மாணவருக்கு இல்லை. அவர் பள்ளியில் இல்லாத நேரத்துக்கான மாநிலப் பணம் பள்ளி மாவட்டத்திலிருந்து கழிந்து காலேஜுக்குப் போயிடும்.

பணம் மாணவர் பின்னாடியே போகும். கேட்க அருமையா இருக்கில்ல? பள்ளி சூப்பரிண்டெண்டெண்டுகள் கொதிச்சுப்போனாங்க. அவங்க பக்கத்திலும் நியாயம் இருக்கு. இயற்பியல் வகுப்பில் 25 பேர்ல 4 பேர் காலேஜுக்குப் போயிட்டா ஆசிரியர் சம்பளத்தில் நாலு பேர் பங்கைக் குறைக்க முடியுமா? கரண்ட் பில் குறையுமா? ஆனா வருமானம் மட்டும் குறையும். இதுக்குப் பள்ளிகள் ரெண்டு விதமாப் பதில் சொன்னாங்க. நல்ல பதில்: காலேஜ் தரப் பாடங்களைத் தங்கள் பள்ளியிலேயே கூடுதலாக நடத்த ஆரம்பித்தது. மற்றது கமுக்கம். சட்டத்திலேயே ஒரு வரி நுழைந்தது: காலேஜ்கள் மாணவர்களை அழைக்கும்போது படிப்பின் சிறப்பைச் சொல்லலாம், காசு மிச்சமாகும் என்று சொல்லி அழைக்கக் கூடாது. பல வருஷம் அந்த வரி அப்படியே இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு எது முக்கியமோ, அதைச் சொல்லத் தடை!

எங்கள் டீமில் ஒரு பெண் சேர்ந்தாள், வயசு 20. நாலு வருஷப் பட்டம் கையில். எப்படிம்மான்னு கேட்டேன். ஹைஸ்கூல் கடைசி ரெண்டு வருஷமும் காலேஜிலேயே உட்கார்ந்து ரெண்டையும் ஒண்ணா முடிச்சிட்டாளாம். அப்பா ட்ரக் ஓட்டுகிறவர். "என் அண்ணனும் அதே ஸ்கூல்தான். அவனுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லல. அவன் இன்னும் கடன் கட்டிக்கிட்டிருக்கான்" என்றாள். எந்த மாநிலம், எந்தப் பள்ளி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே சட்டம். ஒருத்தருக்குத் தகவல் வந்தது, ஒருத்தருக்கு வரவில்லை.

வாஷிங்டன் மாநிலம் கொஞ்சம் சூதானம். 1990ல் கொண்டுவந்த 'ரன்னிங் ஸ்டார்ட்' திட்டத்தில் பள்ளி மாவட்டம் 7 சதவீதத்தை வைத்துக்கொண்டு 93 சதவீதத்தைக் காலேஜுக்குத் தரும். 7 சதவீதம் அற்பம்தான். இருந்தாலும் கவுன்சிலர் வேலைக்காவது ஆகுமே.

நடுவுல 'டெக் ப்ரெப்' என்று ஒரு மத்திய அரசுத் திட்டம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் சங்கத்தின் தலைவராக இருந்த டேல் பார்னெல் 1985ல் ஒரு புத்தகம் எழுதினார். நல்லாப் படிக்கிறவங்களுக்கும் ரொம்பத் தடுமாறுகிறவங்களுக்கும் திட்டம் இருக்கு, நடுவுல இருக்கிற பெருங்கூட்டத்தை யாரும் கவனிக்கல என்பது அதன் சாரம். ஹைஸ்கூலின் கடைசி ரெண்டு வருஷத்தையும் காலேஜின் ரெண்டு வருஷத்தையும் ஒரே தொழிற்படிப்பாகக் கோர்க்கலாம் என்றார். 1990ல் பெர்கின்ஸ் சட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டது, பிறகு அது வருஷத்துக்கு 10 கோடி டாலரையும் தாண்டியது. பெரும்பாலும் அது கூட்டணி அமைக்க, பாடத்திட்டம் எழுத, கூட்டம் போடத்தான் போனது. மாணவர் கட்டணத்துக்கு இல்லை. 1998ல் வந்த தேசிய மதிப்பீடு, முழுத் திட்டமாக நடத்திய கூட்டணிகள் ரொம்பக் குறைவு, மற்றவர்கள் துண்டு துண்டாகச் செய்கிறார்கள் என்றது. 2011ல் காங்கிரஸ் அந்த ஒதுக்கீட்டையே நிறுத்தியது. பெரிசா யாரும் அழுத மாதிரி தெரியல.

சரி, பள்ளிக்கு நஷ்டம் வந்தால் அது ஒளித்து வைக்கும். அப்போ ரெண்டு பேருக்கும் பணம் கொடுத்துட்டா? அதையும் பார்த்தாச்சு.

கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் மாணவர் காலேஜ் பாடம் எடுத்தால் பள்ளிக்கும் பணம், காலேஜுக்கும் பணம். நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்கு உடனே புரியும்: ஒரே ஆளை ரெண்டு ப்ராஜெக்டில் பில் பண்ணுவது. 2000களின் தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்தது. ஹைஸ்கூல் விளையாட்டு அணிகளின் பயிற்சியையே உடற்கல்வி வகுப்பு என்று காலேஜ் கணக்கில் பதிந்து, சில கல்லூரிகள் மாநிலத்திடம் பணம் வாங்கியிருக்கின்றன. பையன் பாட்டுக்குப் பள்ளி மைதானத்தில் பந்து பொறுக்கிட்டிருக்கான், தான் காலேஜ் மாணவன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்குமா? 2003ல் சட்டம் போட்டு உடற்கல்விக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்தார்கள். டகால்டி வேலை நின்றது, ஆனா சந்தேகம் நிக்கல. பள்ளி வளாகத்தில் காலேஜ் வகுப்பு நடத்தினால் அது பொதுமக்களுக்கும் திறந்திருக்கணும் என்கிற விதி வேறு இருந்தது. 16 வயசுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பறைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் எந்தப் பள்ளி ஒத்துக்கும்? 2015ல் கையெழுத்தான சட்டம்தான், முறையான ஒப்பந்தம் போட்டால் பள்ளி மாணவருக்கு மட்டும் வகுப்பு நடத்தலாம், ஆனா ஒரே வகுப்புக்கு ரெண்டு பேரும் பணம் கேட்கக் கூடாது என்று முடிச்சை அவிழ்த்தது.

ஃப்ளோரிடாவிலும் அதே ரெட்டைக் கணக்கு. 2013ல் சட்டத்தை மாற்றி, காலேஜ் வளாகத்தில் எடுக்கும் பாடத்துக்குப் பள்ளி மாவட்டம் ஒரு க்ரெடிட்டுக்கு 71.98 டாலர் கட்டணும் என்றார்கள். தனியார் பள்ளி மாணவருக்கு அந்தந்தப் பள்ளியே கட்ட வேண்டிய நிலை. தனியார் பள்ளிப் பிள்ளைகளின் சேர்க்கை மளமளவென்று சரிந்தது. 2021ல் மாநில அரசே தனி நிதி வைத்து அந்தக் கட்டணத்தைக் காலேஜ்களுக்குத் திருப்பித் தர ஆரம்பித்தது. எட்டு வருஷம் ஆச்சு, ஒரு வரியைத் திருத்த.

அப்புறம் 2002ல் கேட்ஸ் ஃபவுண்டேஷனும் வேற சில அறக்கட்டளைகளும் லகார்டியா யோசனையைத் தூசி தட்டி 'ஏர்லி காலேஜ் ஹைஸ்கூல்' என்று நாடு முழுக்கப் பரப்பக் காசு போட்டார்கள். நார்த் கரோலினா 2003ல் சட்டமே இயற்றியது. இன்று அங்கே 130க்கு மேல் இப்படிப் பள்ளிகள், பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் வளாகத்துக்குள். சில பள்ளிகளில் கூட்டம் அதிகமாகிக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது லட்டு. குலுக்கலில் கிடைத்தவனையும் கிடைக்காதவனையும் ஒப்பிட்டால் 'நல்ல பசங்களாப் பொறுக்கி எடுத்துட்டீங்க' என்று யாரும் குறை சொல்ல முடியாது. 10 பள்ளிகளை வைத்து 2013ல் வெளிவந்த ஆய்வு முடிவு: ஆய்வுக் காலத்துக்குள் ஏதோ ஒரு காலேஜ் பட்டம் வாங்கியவர்கள், கிடைத்தவர்களில் 22 சதவீதம், கிடைக்காதவர்களில் 2 சதவீதம். கூடுதல் செலவு, பின்னால் வந்த கணக்குப்படி, நாலு வருஷத்துக்குச் சேர்த்து ஒரு மாணவருக்குச் சுமார் 3,800 டாலர். இதைவிட மலிவா ஒரு திட்டத்தைக் காட்டுங்க பார்ப்போம்.

2011ல் ப்ரூக்ளினில் ஐபிஎம், நகரக் கல்வித்துறை, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் மூணும் சேர்ந்து 'பி-டெக்' என்ற பள்ளியைத் திறந்தன. (நம்ம பி.டெக் இல்லைங்க :-)) 9லிருந்து 14ஆம் வகுப்பு வரை ஒரே பள்ளி, முடிக்கும்போது அசோசியேட் டிகிரி. 2013ல் ஒபாமா நேரில் போய்ப் பாராட்டினார். புதுமை புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. 1928 பசடேனாக்காரர்கள் கேட்டிருந்தால் சிரிச்சிருப்பாங்க.

இப்போ இது சின்ன விஷயம் இல்லை. 2022-23 கல்வியாண்டில் சுமார் 25 லட்சம் ஹைஸ்கூல் மாணவர்கள் ஒரு காலேஜ் பாடமாவது எடுத்திருக்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இன்னும் ஹைஸ்கூலில் இருப்பவர். பெரியவர்கள் சேர்க்கை குறைந்துகொண்டே வந்த காலத்தில் பல காலேஜ்கள் இவர்களால்தான் வண்டியை ஓட்டுகின்றன. ஆனா உள்ளே வந்தவர்களில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு அவர்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் இல்லை. மாணவரே கட்டணம் கட்டணும் என்கிற இடங்களில் யார் வடிகட்டப்படுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். 2016ல் மத்திய அரசு 44 காலேஜ்களில், சோதனை முறையில், ஹைஸ்கூல் மாணவருக்கும் பெல் கிராண்ட் தரலாம் என்றது. சட்டம் மாறவில்லை. அந்தக் கவுண்டர் இன்னும் அப்படியேதான் இருக்கு.

மாநிலங்கள்தான் தனித்தனியா நகருது. வாஷிங்டன், பள்ளியிலேயே நடக்கும் காலேஜ் வகுப்புகளுக்கான கட்டணத்தை 2023ல் ரத்து செய்தது. அதே வருஷம் டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜ் நிதிமுறையையே மாற்றியது. தலைக்கு எவ்வளவு என்பது போய், ஹைஸ்கூல் மாணவர் 15 க்ரெடிட் முடித்தால் காலேஜுக்கு இவ்வளவு என்று வந்தது. கூடவே, பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைக்கு, திட்டத்தில் சேர்ந்த காலேஜ்கள் கட்டணம் வாங்கக் கூடாது. அதை மாநிலம் ஈடுகட்டும். சாப்பாட்டுப் பட்டியலில் பேர் இருந்தால் காலேஜ் பாடமும் இலவசம். எனக்கு இது பிடிச்சிருக்கு. இந்த 15 க்ரெடிட் இலக்கை எட்ட காலேஜ்கள் எளிதான பாடங்களாகத் திணிக்குமா என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது.

பிள்ளைங்க ஹைஸ்கூலில் இருக்கிற அமெரிக்க வாழ் மக்களே, உங்க மாநிலத்தில் இந்தப் பாடத்துக்கு யார் காசு கட்டுறாங்க, புத்தகமும் பஸ்ஸும் யார் கணக்கு? கவுன்சிலர் தானா வந்து சொன்னாரா, நீங்க போய்க் கேட்டீங்களா? பின்னூட்டத்தில் போடுங்க.